இரண்டு மணி நேரம் அடித்தும் சர்வர் படுக்கவில்லை: ‘தாங்கும்’ என்று எழுதிக் கொடுக்கலாமா?

9 ஜூன் 2024, காலை

வாசகர் ஒருவர் கேட்டது, அப்படியே:

“அண்ணே, ஆபீஸில் புதிதாக ஒரு லினக்ஸ் சர்வர் வைக்கிறோம். வெளியிலிருந்து யாராவது பாக்கெட் அனுப்பியே படுக்க வைக்க முடியுமா என்று பார்த்து ரிப்போர்ட் கொடு என்கிறார் மேனேஜர். ஹெச்பிங்3 வைத்து இரண்டு மணி நேரம் சின் ஃப்ளட் அடித்தேன். லோடு ஏறியது, ஆனால் படுக்கவில்லை. விண்டோஸாக இருந்தால் எப்போதோ நீலத்திரை வந்திருக்கும். ‘தாங்கும்’ என்று எழுதிக் கொடுத்துவிடலாம்தானே?”

9 ஜூன், இரவு 10.40

எழுதிக் கொடுக்காதீர்கள் தம்பி.

ஹெச்பிங்3 பாக்கெட் கொட்டும் கருவி, சின் ஃப்ளட் என்பது ‘இணைப்பு வேண்டும்’ என்ற கோரிக்கைகளை மட்டும் வெள்ளமாகக் கொட்டுவது. நீங்கள் பார்த்தது நெரிசல். வாசலில் ஆயிரம் பேரைக் கூட்டி வழியை அடைப்பது ஒரு வகை. ஒரே ஒருத்தன் வந்து காதில் ஒரு சொல் சொல்லி வீட்டுக்காரரை மயங்கி விழவைப்பது இன்னொரு வகை. மேனேஜர் கேட்டது இரண்டாவது. முதலாவதை இரண்டு வாரம் அடித்தாலும் இரண்டாவதைப் பற்றி ஒன்றும் தெரியவராது.

1998-இல் ஒரு நெட் சென்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மோடம் பொருத்திய விண்டோஸ் 95 மெஷின் ஒன்று, அதன் முதுகில் ஆறு மெஷின். மணிக்கு அறுபது ரூபாய். ஒரு பையன் சாட் ரூமில் எவனோடோ வம்பு வளர்த்தான். எதிராளி எங்கள் ஐபியைப் பார்த்து ஒரு பொத்தானை அமுக்கியிருப்பான், மோடம் மெஷினில் நீலத்திரை. ஏதாவது ஒரு கீயைத் தட்டினால் திரை போய் டெஸ்க்டாப் வரும். எல்லாம் நன்றாக இருப்பதுபோலவே இருக்கும், நெட்வொர்க் மட்டும் செத்திருக்கும். ரீபூட் பண்ணி, மறுபடி டயல் பண்ணி, ஆறு பேரையும் சமாதானப்படுத்தி முடிப்பதற்குள் அந்தப் பையன் அதே சாட் ரூமுக்குப் போய் அதே ஆளைத் திட்டியிருப்பான். அன்று மாலை நான்கு தடவை.

அதன் பெயர் வின்நியூக். 1997 மே மாதம் வெளியே வந்தது. 139-ஆம் போர்ட்டுக்கு ஒரு இணைப்பு, ‘அவசரம்’ என்று கொடி போட்ட சில பைட் தரவு. அவ்வளவுதான். அதை என்ன செய்வது என்று விண்டோஸ் 95-க்கும் என்டிக்கும் தெரியவில்லை. எங்கள் மோடத்தின் வேகத்தில் நெரிசலுக்கெல்லாம் இடமே இல்லை. ஒரு சொல் போதுமாக இருந்தது.

9 ஜூன், இரவு 11.15

உங்கள் சர்வரின் கெர்னல் (இயங்குதளத்தின் மையக்கரு) எழுதும் லாக்கைப் பாருங்கள். ‘சின் ஃப்ளட் மாதிரி தெரிகிறது, குக்கி அனுப்புகிறேன்’ என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். இருந்தால் இரண்டு மணி நேரம் நீங்கள் சோதித்தது சின் குக்கியை மட்டுமே.

அது 1996 சங்கதி. அந்த ஆண்டு செப்டம்பரில் நியூயார்க்கின் பேனிக்ஸ் என்ற இணையச் சேவை நிறுவனத்தைச் சின் ஃப்ளட் அடித்து முடக்கினார்கள். அதே மாதத்தில் டேனியல் பெர்ன்ஸ்டைன் சொன்ன யோசனைதான் குக்கி: பாதி திறந்த இணைப்பை நினைவகத்தில் வைத்துக் காத்திருக்காதே, விவரத்தை வரிசை எண்ணுக்குள்ளேயே மடித்து எதிராளியிடம் கொடுத்துவிடு, உண்மையான ஆள் என்றால் திருப்பிக் கொண்டுவருவான். இன்று லினக்ஸில் கேட்காமலே இயங்குகிறது. இருபத்தெட்டு வருடத்துக்கு முன் போட்ட பூட்டை ஆட்டிப் பார்த்துவிட்டு ‘வீடு பத்திரம்’ என்று எழுதப் பார்க்கிறீர்கள்.

11 ஜூன்

அடுத்து இன்னொரு ‘ஒரு சொல்’ தாக்குதல், ‘பிங் ஆஃப் டெத்’. 1996 கடைசி. ஐபி பாக்கெட்டின் நீளத்தை எழுதப் பதினாறு பிட் இடம் இருக்கிறது, ஆகவே உச்சம் 65,535 பைட். விண்டோஸ் 95-இன் பிங் கட்டளையிலேயே அளவு 65,510 என்று கொடுத்தால் போதும். பிங் பயன்படுத்தும் ஐசிஎம்பி நெறிமுறையின் தலைப்பு 8, ஐபி தலைப்பு 20, மொத்தம் 65,538. மூன்று பைட் அதிகம். அந்த மூன்று பைட்டுக்கு யூனிக்ஸ், மேக், ரௌட்டர், பிரிண்டர் என்று வகைதொகையில்லாமல் விழுந்தன. வரம்பை விடப் பெரிய பாக்கெட்டைக் கம்பியில் அனுப்பினார்கள், வாங்கியவன் அளந்து பார்க்கவில்லை.

12 ஜூன்

மேலே எழுதியதில் கடைசி வரி தப்பு. வரம்பை விடப் பெரிய பாக்கெட்டைக் கம்பியில் அனுப்பவே முடியாது, நீளத்தை எழுத இடமே கிடையாதே. துண்டு துண்டாகத்தான் போகும். ஒவ்வொரு துண்டிலும் ‘நான் இந்த இடத்தில் ஒட்ட வேண்டியவன்’ என்று 13 பிட் எண் இருக்கும், எட்டின் மடங்கில். உச்சம் 8,191 பெருக்கல் 8, அதாவது 65,528. அந்த இடத்தில் ஒட்டச் சொல்லி ஏழு பைட்டுக்கு மேல் கொண்டுவந்தால் கூட்டுத்தொகை வரம்பைத் தாண்டும். ஒவ்வொரு துண்டும் தனியாகப் பார்த்தால் சட்டப்படி சரி. ஒட்டும் இடத்தில்தான் வினை.

ஒரு நாள் முழுக்கத் தப்பாக நின்றுவிட்டது. யாரும் சுட்டிக்காட்டவும் இல்லை.

13 ஜூன்

துண்டு என்றதும் டியர்டிராப். 1997. முதல் துண்டு உட்கார்ந்த இடத்துக்குள்ளேயே இரண்டாவது துண்டையும் உட்காரச் சொல்வது. மிச்ச நீளத்தைக் கணக்குப் போட்டால் மைனஸில் வரும். மைனஸ் எண்ணைக் குறியில்லாத எண்ணாக வாசித்தால் பூதாகாரமாகிவிடும், அத்தனை பைட்டையும் நகல் எடுக்கப் போய் கெர்னல் விழும். விண்டோஸ் 95, என்டி மட்டுமில்லை தம்பி, 2.0.32-க்கு முந்தைய லினக்ஸும்தான்.

16 ஜூன், ஞாயிறு

லேப் எப்படி வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். என்னிடம் இருப்பது: ஆபீஸில் கழித்துக் கட்டிய இரண்டு டெஸ்க்டாப், ஒரு பழைய லேப்டாப், ஐந்து போர்ட் ஸ்விட்ச் ஒன்று. ஒன்று அடிக்கும், ஒன்று வாங்கும், மூன்றாவது சாதாரண வாடிக்கையாளர்போல விநாடிக்கு ஒரு முறை ஒரு பக்கத்தைக் கேட்டு எவ்வளவு நேரத்தில் வந்தது என்று குறித்துவைக்கும். மூன்றாவது மிக முக்கியம். அது இல்லாமல் ‘லோடு ஏறியது, படுக்கவில்லை’ என்பதற்கு அர்த்தமே இல்லை. லாகின் பக்கம் நாற்பது விநாடி எடுத்தால் உங்கள் பயனருக்கு அது படுத்த சர்வர்தான்.

வாங்கும் மெஷினிலிருந்து ஒரு சீரியல் கேபிள் லேப்டாப்புக்கு. கெர்னல் சாகும்போது கடைசியாகப் புலம்புவதை டிஸ்க்கில் எழுத முடியாது, நெட்வொர்க்கும் போயிருக்கும். சீரியல் கேபிள் மட்டும் கூட இருக்கும்.

இன்டர்நெட் கேபிளைக் கையால் பிடுங்கி எடுங்கள். ஆபீஸ் நெட்வொர்க் வேண்டாம், வாடகைக்கு எடுத்த கிளவுட் மெஷினும் வேண்டாம். மேனேஜர் வாயால் சொன்னது பத்தாது, எழுத்தில் வாங்குங்கள். நான் ஒரு தடவை ஸ்விட்ச்சிலிருந்து வீட்டு ரௌட்டருக்குப் போகும் கேபிளைப் பிடுங்க மறந்துவிட்டேன். ஹெச்பிங்3-இல் போலி முகவரி வசதியைப் போட்டிருந்தேன். சர்வர் நல்ல பிள்ளையாக ஒவ்வொரு போலி முகவரிக்கும் பதில் அனுப்பியது, அதாவது உலகம் முழுக்க. ரௌட்டரின் இணைப்பு அட்டவணை நிரம்பி அது படுத்துவிட்டது. சர்வர் நின்றது, ரௌட்டர் விழுந்தது, பக்கத்து அறையில் மகளின் ஆன்லைன் பரீட்சை.

17 ஜூன்

தற்செயல்: ‘சாக் பேனிக்’ என்ற லினக்ஸ் கோளாறுக்கு இன்று ஐந்து வயது. 2019 ஜூன் 17-இல்தான் அறிவித்தார்கள். உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் இதுதான், இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

நெட்ஃபிளிக்ஸின் ஜொனாதன் லூனி கண்டுபிடித்தது. பாதுகாப்புக் கோளாறுகளின் பொதுப் பட்டியலில் அதன் எண் சிவிஇ-2019-11477. லினக்ஸ் அனுப்ப வேண்டிய தரவை ஒரு பொட்டலமாகக் கட்டி வைத்திருக்கும். ஒரு பொட்டலத்தில் 17 துண்டு, துண்டுக்கு 32 கேபி வரை. இணைப்பின் மறுமுனையில் இருப்பவன் ‘எனக்கு ஒரு வேளைக்கு 48 பைட்தான் முடியும்’ என்று சொல்லலாம். அந்த 48-இல் டிசிபி கூடுதல் குறிப்புகளே 40 எடுத்துக்கொண்டால் சரக்குக்கு மிஞ்சுவது 8. இப்போது கணக்குப் போடுங்கள்: 17 பெருக்கல் 32,768 வகுத்தல் 8. விடை 69,632. ‘இந்தப் பொட்டலத்தில் எத்தனை கூறு’ என்று எண்ணும் இடம் பதினாறு பிட். உச்சம் 65,535.

அதே எண்! 1996-இல் மூன்று பைட் அதிகமாகி விழுந்த அதே வாசல்படி. சாக் என்ற ‘எது வந்தது, எது வரவில்லை’ அறிவிப்புகளைக் கோணல்மாணலாக அனுப்பி அந்தக் கூறுகளை ஒன்றாகச் சேர்க்க வைத்தால் எண்ணிக்கை வழிந்துவிடும். கெர்னல் தன் கணக்கைத் தானே சரிபார்த்து ‘இது நடக்கவே முடியாது’ என்று முடிவுகட்டித் தற்கொலை செய்துகொள்ளும்.

இந்தக் கோளாறு லினக்ஸ் 2.6.29-இலிருந்து இருந்தது. அது 2009. பத்து வருடம். அந்தப் பத்து வருடத்தில் உங்களைப்போல எத்தனை பேர் இரண்டு மணி நேரம் ஃப்ளட் அடித்துவிட்டு ‘தாங்கும்’ என்று எழுதிக் கொடுத்திருப்பார்கள்? நானே கொடுத்திருக்கிறேன். 2014-இல், கையெழுத்துப் போட்டு.

17 ஜூன், பின்னிரவு

அந்த வார நினைவு இன்னொன்று. அறிவிப்பு வந்த இரவே எங்கள் எல்லா சர்வரிலும் சாக்கை அணைத்தேன், பேட்ச் வரும்வரை. மெச்சிக்கொண்டு தூங்கப் போனேன். நான்காம் நாள் பேக்கப் டீமிலிருந்து புகார்: வெளியூர் லிங்க்கில் இரவு பேக்கப் காலை வரை முடியவில்லை. பாக்கெட் தொலையும் பாதையில் சாக் இல்லாவிட்டால், எது தொலைந்தது என்று சரியாகத் தெரியாமல் ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். பிறகு சாக்கைத் திருப்பிப் போட்டுவிட்டு, சின்ன அளவு கேட்டு வரும் இணைப்புகளை ஃபயர்வாலில் வெட்டினோம். அதற்கும் ஒரு நிபந்தனை: எம்டியு (பாதை தாங்கும் உச்ச பாக்கெட் அளவு) துழாவும் வசதி அணைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு வழியாக அளவு சுருங்கிவிடும்.

20 ஜூன்

16-ஆம் தேதி எழுதியதற்குத் திருத்தம். ‘ரௌட்டரின் இணைப்பு அட்டவணை நிரம்பியது’ என்றேன். யோசித்துப் பார்த்தால் அப்படி இருக்காது. ரௌட்டருக்குள் ஓடுவது லினக்ஸ். சின் (இணைப்புக் கோரிக்கை) வராமல் நேரே சின்-ஆக் (அதற்கான பதில்) வந்தால் லினக்ஸின் இணைப்புக் கணக்காளர் அதைச் ‘செல்லாதது’ என்று ஒதுக்கிவிடும், அட்டவணையில் ஏற்றாது. ஒவ்வொரு பாக்கெட்டையும் பார்த்துப் பார்த்து ஒதுக்கியதிலேயே அந்தச் சின்னச் சிபியு மூச்சு முட்டியிருக்க வேண்டும். மகளின் பரீட்சைக்கு எந்த விளக்கமும் உதவவில்லை.

30 ஜூன்

இன்று ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை வீணாக்கினேன். பழைய தாக்குதல் பாக்கெட்டுகளை வரிசையாக ஸ்கேப்பி என்ற பாக்கெட் செய்யும் கருவியில் செய்து அனுப்பினேன். டியர்டிராப், லேண்ட், விதவிதமான துண்டுகள். எதற்கும் சர்வர் அசையவில்லை. சாயங்காலம் சந்தேகம் வந்து வாங்கும் மெஷினில் டிசிபிடம்ப் (வந்துபோகும் பாக்கெட்டைக் காட்டும் கருவி) போட்டால், பாதி வந்து சேரவே இல்லை. இடையில் ஒரு பழைய மெஷினை ரௌட்டராக வைத்திருந்தேன், அது நல்லெண்ணத்தோடு வடிகட்டிவிட்டது.

‘படுக்கவில்லை’ என்று எழுதும் முன் ‘போய்ச் சேர்ந்ததா’ என்று பாருங்கள். இரண்டு முனையிலும் டிசிபிடம்ப். நேராகவே கேபிள் போட்டாலும் செக்சம் (சரிபார்ப்பு எண்) தப்பான பாக்கெட்டை எங்கே தூக்கி எறிகிறார்கள் என்று பார்க்க வேண்டும். விர்ச்சுவல் மெஷினில் சோதித்தால் நீங்கள் சோதிப்பது அந்த விர்ச்சுவல் கார்டின் டிரைவரை. நாளைக்கு நிஜ சர்வரில் இருக்கப்போவது வேறு.

லேண்ட் பாக்கெட் என்பது அனுப்புநரும் பெறுநரும் ஒரே முகவரி, ஒரே போர்ட். நீங்களே உங்களுக்கு எழுதிய கடிதம் வெளியூரிலிருந்து வந்ததுபோல. லினக்ஸ் அதை மார்ஷியன் என்று சொல்லி எறியும். செவ்வாய்க் கிரகத்திலிருந்து வந்ததாம். இந்தப் பெயரை வைத்தவருக்கு ஒரு காபி வாங்கித் தரலாம்.

7 ஜூலை

வேறொரு வாசகர் என்னை லினக்ஸ் பக்தன் என்கிறார். முதல் கேள்வியில் இருந்த ‘விண்டோஸாக இருந்தால்’ வரியை நான் மறுக்கவில்லையாம். சரி.

விண்டோஸ் பக்கம் இரண்டு. லேண்ட் 1997-இல் வந்தது, அடைத்தார்கள். 2005-இல் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2-இலும் சர்வர் 2003-இலும் அதே பாக்கெட் மறுபடி வேலை செய்தது. எட்டு வருடம் கழித்து செத்த பாம்பு எழுந்து வந்ததுபோல. இதனால்தான் பழைய பாக்கெட்டுகளை ஒரு கோப்புறையில் சேர்த்துவைத்து, ஒவ்வொரு கெர்னல் மாற்றத்துக்குப் பிறகும் ஓட்டுகிறேன். நண்பர்கள் சிரிக்கிறார்கள்.

இரண்டாவது 2015 ஏப்ரல், எம்எஸ்15-034. விண்டோஸ் தன் வெப் சர்வரின் ஒரு பகுதியைக் கெர்னலுக்குள்ளேயே வைத்திருக்கிறது, வேகத்துக்காக. ‘இந்தக் கோப்பில் இந்த பைட்டிலிருந்து இந்த பைட் வரை கொடு’ என்று கேட்கும் வசதியில் கடைசி பைட்டாக 18446744073709551615 என்று கேட்டால் நீலத்திரை. அந்த எண் 2-இன் அடுக்கு 64-இல் ஒன்று குறைவு. 65,535-இல் விழுந்துகொண்டிருந்தவர்கள் 64 பிட்டுக்கு வளர்ந்து அங்கேயும் விழுந்தார்கள்.

எந்த இயங்குதளமானாலும் உள்ளே எங்கோ ஒருத்தர் ஒரு எண்ணை எழுத எவ்வளவு இடம் போதும் என்று ஊகித்திருக்கிறார். எனக்கு வேண்டியது அந்த ஊகம் எங்கே இருக்கிறது என்பது. கட்சி எனக்கு வேண்டாம்.

பாதுகாப்புக்குப் பெயர்போன இன்னொரு இயங்குதளமான ஓபன்பிஎஸ்டியின் கதையைத் தனியாக எழுதுகிறேன்.

8 ஜூலை

அது 2007 மார்ச். ஐபிவி6 (புதிய தலைமுறை ஐபி) ஐசிஎம்பி பாக்கெட்டுகளைக் கையாளும் இடத்தில் நினைவகக் கோளாறு. ஓபன்பிஎஸ்டி ஆட்கள் முதலில் ‘கிராஷ்தான் ஆகும்’ என்று நம்பகத்தன்மைத் திருத்தமாக வெளியிட்டார்கள். கண்டுபிடித்த கோர் செக்யூரிட்டி அதே ஓட்டை வழியாகக் கெர்னலுக்குள் தங்கள் நிரலையே ஓட்டிக் காட்டியது. அதன்பின் ஓபன்பிஎஸ்டி ஆட்கள் தங்கள் தளத்தில் பெருமையாகப் போட்டிருந்த ‘ஒரே ஒரு ஓட்டை’ வாசகத்தை ‘இரண்டே இரண்டு’ என்று மாற்ற வேண்டியதாயிற்று. ரிப்போர்ட்டில் ‘கிராஷ் மட்டும்’ என்ற சொல்லை யாராவது எழுதினால் நான் ‘மட்டும்’ என்பதை அடித்துவிடுவேன்.

21 ஜூலை, அதிகாலை 2.10

கிடைத்தது!!

ஐசிக் என்று பழைய கருவி, கண்டமேனிக்கு உடைந்த பாக்கெட்டுகளைக் கொட்டும். இரவு ஓடவிட்டுப் படுத்தேன். எழுந்து பார்த்தால் வாங்கும் மெஷின் உறைந்து நிற்கிறது. சீரியலில் ஒரு எழுத்துகூட இல்லை. புத்தம் புதிய கெர்னல். கை நடுங்குகிறது.

21 ஜூலை, காலை

ஐசிக் தொடங்கும்போது ஒரு விதை எண் காட்டும். அதைக் கொடுத்தால் அதே பாக்கெட்டுகளை அதே வரிசையில் மறுபடி கொட்டும். அந்த எண்ணை நான் எழுதி வைக்கவில்லை. திரை மேலே ஓடிப் போய்விட்டது. பாக்கெட் பதிவும் இல்லை, டிஸ்க் நிரம்புகிறது என்று நேற்றுத்தான் அணைத்தேன்.

மனைவி கேட்டாள், “என்ன, ஏதாவது தொலைஞ்சு போச்சா?”

28 ஜூலை

ஏழு இரவு ஓட்டினேன். உறையவில்லை.

14 ஆகஸ்ட்

மைக்ரோசாஃப்டின் மாதாந்திரப் பேட்ச் வந்திருக்கிறது, சிவிஇ-2024-38063. விண்டோஸின் ஐபிவி6 அடுக்கில் கோளாறு. பயனர் எதையும் கிளிக் செய்ய வேண்டாம், பாக்கெட் வந்தாலே போதும், உள்ளே நிரல் ஓட்டும் அளவுக்கு மோசம். விண்டோஸின் சொந்த ஃபயர்வாலில் ஐபிவி6-ஐத் தடுத்தாலும் பலனில்லை என்கிறார் கண்டுபிடித்தவர், ஃபயர்வாலுக்குப் போகும் முன்பே அடி விழுந்துவிடுகிறதாம். விண்டோஸ் சர்வர் வைத்திருப்பவர்கள் இதை வாசிப்பதை நிறுத்திவிட்டு பேட்ச் போடப் போங்கள்.

நான்கு வருடம் முன்பு, 2020 அக்டோபரிலும் இதே அடுக்கு. ரௌட்டர் ‘இந்த டிஎன்எஸ் சர்வரைப் பயன்படுத்து’ என்று அறிவிக்கும் பகுதியில் நீளம் எப்போதும் ஒற்றைப்படையாக இருக்க வேண்டும், தலைப்புக்கு ஒன்று, முகவரிக்கு இரண்டிரண்டு என்பதால். இரட்டைப்படையில் எழுதி அனுப்பினால் நீலத்திரை.

14 ஆகஸ்ட், மாலை

மேலே உள்ளதை எழுதிவிட்டு என் கோப்புறையைத் திறந்தேன். நூற்றுச் சொச்சம் பாக்கெட். ஐபிவி6-இல் ஒன்றுகூட இல்லை. ஓபன்பிஎஸ்டி பற்றி அவ்வளவு நீட்டி முழக்கியும் உறைக்கவில்லை. வாங்கும் மெஷினில் ஐபிவி6 அணைக்கப்படவும் இல்லை, அதன்பாட்டுக்கு ஒரு முகவரியை வைத்துக்கொண்டு இத்தனை மாதமும் சும்மா உட்கார்ந்திருக்கிறது.

25 ஆகஸ்ட்

விழுந்தபின் என்ன என்பதைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லை, அதுதான் என் உண்மையான தொழில்.

பல வருடம் முன், ஒரு சனிக்கிழமை இரவு ஒரு சர்வர் கெர்னல் பேனிக் ஆனது, அதாவது கெர்னலே கைவிட்டு நின்றுவிட்டது. தாக்குதல் இல்லை, டிரைவர் கோளாறு. திங்கள் காலை போய்க் கதவைத் திறந்தால் இருட்டு அறையில் கீபோர்டின் கேப்ஸ் லாக் விளக்கு விட்டு விட்டு மின்னிக்கொண்டிருக்கிறது. பேனிக் ஆனால் லினக்ஸ் அப்படித்தான் கண் சிமிட்டும். முப்பத்தைந்து மணி நேரமாக யாருக்காகவோ சிமிட்டிக்கொண்டிருந்திருக்கிறது. கெர்னல்.பேனிக் என்ற அமைப்பின் மதிப்பு 0 என்றால் ‘பேனிக் ஆனால் அப்படியே நில்’ என்று பொருள். யாரும் தொடாவிட்டால் அது 0-தான். அன்று முதல் எல்லா மெஷினிலும் 10 போட்டுவிட்டேன், பத்து விநாடியில் தானே ரீபூட்.

தம்பி, உங்கள் சர்வரில் அது எவ்வளவு என்று பாருங்கள். பாக்கெட் எல்லாம் அப்புறம்.

26 ஆகஸ்ட்

தூக்கத்தில் யோசனை மாறிவிட்டது. ஒரே பாக்கெட்டில் விழும் சர்வர் தானாக எழுந்தால் அடிப்பவன் மறுபடி அனுப்புவான். எழும், விழும், எழும், விழும். டேட்டாபேஸ் ஒவ்வொரு தடவையும் பாதி எழுதிய நிலையில் அறுபடும். அதற்கு, விழுந்த இடத்தில் கிடப்பதே மேல் இல்லையா?

29 ஆகஸ்ட்

இல்லை. கிடந்தால் எதனால் விழுந்தது என்று தெரியாது. எழுவதற்கு முன் கேடம்ப் என்ற லினக்ஸ் வசதி விழுந்த கெர்னலின் நினைவகத்தை எடுத்து வைத்துக்கொள்ளட்டும், ஒரே மணி நேரத்தில் மூன்று தடவை எழுந்தால் சர்வீஸைத் தொடங்காமல் ஆளைக் கூப்பிடட்டும். இப்போதைக்கு இதுதான் என் முடிவு, 26-ஆம் தேதி குறிப்பை அழிக்காமல் விடுகிறேன்.

கேடம்ப் என்றால் அதற்கென்று நினைவகம் தனியே ஒதுக்கியிருக்க வேண்டும். ஒதுக்கியது பத்தாவிட்டால் உதவிக்கு வரும் இரண்டாவது கெர்னலும் செத்துப்போகும். இதைத் தெரிந்துகொள்ள எந்த ஹேக்கரும் வேண்டாம். ரூட்டாக உள்ளே போய் சிஸ்ரிக்யூ டிரிக்கர் என்ற கோப்பில் ‘சி’ என்ற ஒற்றை எழுத்தை எழுதினால் கெர்னல் அந்தக் கணமே விழும். விண்டோஸில் இதற்கு மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பிலேயே ஒரு கருவி இருக்கிறது. பெயர் நோட்மைஃபால்ட். ‘என் தப்பில்லை’.

முதலில் நீங்களே தள்ளிவிட்டு எழுகிறதா என்று பாருங்கள். அதில் தேறாத சர்வரை வெளியாள் தள்ளுவானா மாட்டானா என்று ஆராய்வது வெட்டி வேலை.

15 செப்டம்பர்

21 ஜூலை ‘கிடைத்தது’ பற்றி ஒரு வாக்குமூலம். வாங்கும் மெஷின் நேற்று சும்மா இருக்கும்போதே உறைந்தது. நினைவகத்தைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓட்டினேன். இரண்டு ராம் குச்சியில் ஒன்று கெட்டுப்போயிருக்கிறது. திரை முழுக்கச் சிவப்பு. என் வாழ்நாளின் ஒரே கெர்னல் கண்டுபிடிப்பு ஸ்லாட்டில் தூசி படிந்த ஒரு எட்டு ஜிபி குச்சி.

அந்த மெஷினில் ஜூலைக்குப் பிறகு செய்த சோதனை எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். இனி தொடங்கும் முன் ஒரு இரவு மெம்டெஸ்ட். ஐசிக்கின் விதை எண்ணை ஸ்விட்ச் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிப் பேனாவில் எழுதுகிறேன்.

6 அக்டோபர்

முதல் கேள்வி கேட்ட தம்பி திரும்ப எழுதியிருக்கிறார்:

“அண்ணே, ரிப்போர்ட்டில் ‘தாங்கும்’ என்று எழுதவில்லை. எந்தக் கெர்னலில், எந்த நெட்வொர்க் கார்டில், எந்தெந்தப் பாக்கெட் போய்ச் சேர்ந்தது, அப்போது லாகின் பக்கம் எத்தனை விநாடி எடுத்தது என்று மட்டும் எழுதினேன். மேனேஜர் ‘அப்போ தாங்குமா தாங்காதா’ என்றார். கெர்னல்.பேனிக் 0-ஆகத்தான் இருந்தது, 10 ஆக்கினேன். அவர் முன்னாலேயே ‘சி’ எழுதித் தள்ளிவிட்டேன். பேனிக் ஆனது, கேடம்ப் எழுதியது, ரீபூட்டும் ஆனது. ஆனால் சர்வர் திரும்பி வரவே இல்லை. இருபது நிமிடம் பிங் அடித்துப் பார்த்துவிட்டு மானிட்டரைத் தூக்கிக்கொண்டு சர்வர் ரூமுக்குப் போனேன். திரையில் ‘கீபோர்டு இல்லை, தொடர எஃப்1 அழுத்தவும்’ என்று இருந்தது.”

6 அக்டோபர், இரவு

பயாஸுக்குள் போய், பிழை வந்தால் நிற்கும் இடத்தில் கீபோர்டை விட்டுவிடச் சொல்லி மாற்றுங்கள். மாற்றி முடித்ததும் கீபோர்டைக் கழற்றி வெளியே எடுத்துவந்துவிட்டு மறுபடி தள்ளுங்கள். பிங் திரும்பிய நேரம் ஒன்று, லாகின் பக்கம் திரும்பிய நேரம் ஒன்று, இரண்டையும் தனித்தனியாகக் குறித்து இங்கே போடுங்கள்.